குகையின் தரையும் எங்கள் கரைக் கல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சுண்ணாம்புக் குகைகளைப் பற்றி வெளிவந்த சுற்றுலாக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. எழுதியவர் நேரில் போய்க் குனிந்தும் தவழ்ந்தும் வியர்த்தும் பார்த்து வந்தவர் என்பது வரிக்கு வரி தெரிந்தது. ஆயினும், அந்தக் குகையை "மனிதக் காலடி படாத பாதாள உலகம்" என்று அவர் வருணித்திருப்பதை ஏற்க முடியவில்லை. நாம் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிற சுண்ணாம்புக் குகைகள் பலவற்றில், நமக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், இறைச்சி சுட்டுத் தின்றிருக்கிறார்கள், இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப் போனவற்றில் பெரும்பகுதி கூரையில் இல்லை, தரையில் இருக்கிறது. கட்டுரை முழுவதும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததால் தரை விடுபட்டுப்போயிற்று. அந்தத் தரையைப் பற்றித்தான் இக்கடிதம். முப்பது ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் பாம்பன்காரன். எங்கள் கரையில் ஆள் நிமிர்ந்து நுழையும் சுண்ணாம்புக் குகை கிடையாது. மணலும் பனையும் உடைமரமும், கடலோரத்தில் ஆங்காங்கே தலைகாட்டும் பவளக்கல்லும்தான் எங்கள் நிலம். ஆனால் சுண்ணாம்பு எங்களுக்குப் புதிதன்று. பவளம் எடுப்பதற்குத் தடை வருவதற்கு வெகுகாலம் முன்பு என் தாத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். வள்ளத்தில் வந்திறங்கும் கல்லையும் விறகையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டுவார்களாம். வெந்து இறங்கிய கல் கனம் குறைந்து வெளுத்திருக்கும். தண்ணீர் தெளித்ததும் சீறிப் பொரிந்து மாவாக உதிரும். அந்த மாவைக் குழைத்துச் சுவரில் பூசினால், காளவாய்ச் சூட்டில் கல்லை விட்டுப் போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிவிடும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து இன்றும் நிற்கிற தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரில் கைவைத்துப் பார்த்தவர்களுக்குப் பவளக்கல் எப்படியிருக்கும் என்று தெரியும். பூச்சு உதிர்ந்த இடங்களில், பவள உயிர்கள் குடியிருந்த கண்ணறைகள் தேனடையைப் போல் வரிவரியாகத் தெரிகின்றன. விரல் நுனியை ஓட்டினால் உப்புக் காகிதம் போல் சொரசொரக்கிறது. ஓர் உயிரினம் கட்டிய வீட்டை உடைத்து இன்னோர் உயிரினம் வீடு கட்டிக்கொண்டது.

குகையும் இதே கல்லும் இதே வாயுவும் சேர்ந்து பார்க்கிற வேலைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்பேறுகிறது. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கிப் பாறையைக் கரைத்துக் கரைத்து, விரிசலைச் சந்தாக்கி, சந்தைக் கூடமாக்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் கீழே போனதும் கூடம் காலியாகி அதற்குள் காற்று புகுகிறது. அதன்பின் கூரையில் கசிந்து தொங்கும் ஒவ்வொரு துளியும், சுமந்து வந்த கரியமில வாயுவைக் குகையின் காற்றில் விட்டுவிட்டு, கரைத்து வந்த சுண்ணாம்பில் ஒரு துகளைக் கூரையிலும் ஒரு துகளைத் தரையிலுமாக இறக்கிவைக்கிறது. மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து எழுவது கல்முளை. வகுப்பில் இதைச் சொல்லும்போது படம் வரைவதைக் காட்டிலும் வீட்டு அடுக்களையைக் காட்டுவதே எனக்கு எளிதாக இருந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நாலைந்து மாதம் காய்ச்சிய குண்டானைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளைச் செதிலாகக் கல் கட்டியிருக்கும், புளி போட்டுத் தேய்த்தால்தான் விடும். குண்டானில் அடுப்பு சில மாதங்களில் செய்கிற வேலையைக் குகையில் துளிகள் ஆற அமரச் செய்கின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே ஒரு கல்விழுதுக்கு நல்ல வளர்ச்சி. அப்படியானால் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எங்கள் கரையில் ஏன் குகை இல்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எங்களுடைய கல் வயதில் இளையது, மெலிந்தது, கடல்மட்டத்தை விட்டு அதிகம் எழும்பாதது. தண்ணீர் இறங்கிக் குடைய அதில் ஆழமில்லை. அதற்குப் பதில் மழைநீர் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. தனுஷ்கோடிப் பெண்கள் கடலுக்கு எட்டும் தூரத்திலேயே மணலைக் கையால் பறித்து, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடம் நிரப்புவதை இராமேசுவரம் வருகிறவர்கள் வியந்து பார்ப்பார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே பழைய, கனத்த சுண்ணாம்புப் பாறை. அதை மழைநீர் நன்றாகவே குடைந்திருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படிப் பாறை உள்வாங்கி உருவான குழிதான். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊரார் சொல்கிறார்கள். நீரிணையின் இக்கரையிலும் இப்படிச் சொல்லப்படுகிற தீர்த்தங்களுக்குக் குறைவில்லை.

இனித் தரைக்கு வருகிறேன். சாதாரண மண்ணில், அதிலும் நம் ஊர்ச் செம்மண்ணில் புதைந்த எலும்பு நெடுங்காலம் நிற்பதில்லை. மண்ணின் புளிப்பு அதைத் தின்றுவிடுகிறது. சுண்ணாம்புக் குகையில் அந்தப் புளிப்பைக் கல்லே முறித்துவிடுவதால் எலும்பு நிற்கிறது. வெயில் இல்லை, உழவு இல்லை, வெள்ளம் அரித்தாலன்றி அடுக்குக் குலைவதில்லை. சாம்பல், அதன்மேல் களிமண், அதன்மேல் வௌவால் எச்சம், மறுபடியும் சாம்பல் என்று ஒவ்வொரு காலமும் தன் அடுக்கை விரித்துவிட்டுப் போகிறது. சில இடங்களில் கூரைத் துளியே சுண்ணாம்பாகப் படர்ந்து அந்த அடுக்கை முத்திரையிட்டு மூடியும் விடுகிறது.

இந்தியாவில் இதை முதலில் முறையாகத் தோண்டிப் பார்த்தவர், நாம் பல்லாவரத்தோடு சேர்த்து நினைக்கிற ஆங்கிலேய நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்தான். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அவர், இருபது ஆண்டு கழித்து, 1884-இல் கர்னூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளுக்குப் போனார். அங்கே பெரும்பகுதி அகழ்வை நடத்தியவர் அவருடைய மகன் ஹென்றி ஃபூட். தரையை அடுக்கடுக்காக எடுத்தபோது, இன்று அந்தப் பக்கமே காணாத காண்டாமிருகத்தின் எலும்புகள் உட்பட விலங்கெச்சங்கள் குவியலாக வெளிவந்தன. 1970-களில் அதே வட்டாரத்தில் எம்.எல்.கே. மூர்த்தி ஆய்வு செய்த முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையில் எலும்புக் கருவிகளும் ஓர் அடுப்பும் கிடைத்தன. அடுப்பின் வயது ஏறத்தாழ 17,000 ஆண்டு எனக் கணித்தார்கள். சிந்தமானு என்றால் தெலுங்கில் புளியமரம், கவி என்றால் குகை. நம் கடலோரத் தேவாலயங்களில் மாதா கெபி என்கிறோமே, அந்தக் கெபியும் இந்தக் கவியும் உறவுக்காரச் சொற்கள் என்றே எனக்குப் படுகிறது. பக்கத்திலுள்ள பேலம் குகைக்கு ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் போகிறார்கள். 3,229 மீட்டர் நீளம், அதில் நாம் நடக்கக்கூடியது ஒன்றரைக் கிலோமீட்டர், 46 மீட்டர் ஆழத்தில் பாதாள கங்கை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அங்கிருந்து சிறிது தொலைவில் 17,000 ஆண்டு பழைய அடுப்பு ஒன்று கிடைத்தது என்று சொன்ன ஒரு பயணியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தரை போனால் என்ன போகும் என்பதற்குப் பிரான்சு நாட்டுக் குகைகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1940 செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் லாஸ்கோ குகையைக் கண்டுபிடித்தார்கள். காளைகளும் குதிரைகளும் மான்களும் சுவரெங்கும் ஓடுகிற அந்தக் குகை 1948-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர்கள் நடக்க வசதியாகத் தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். அந்த மண்ணில் பெரும்பகுதி முறையான அகழாய்வு இல்லாமலேயே வெளியேறியது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் விட்ட மூச்சின் வாயுவும் ஈரமும் சூடும் ஓவியங்களின் மேல் பச்சைப் பாசியையும் வெள்ளைப் படலத்தையும் ஏற்றவே, 1963-இல் குகையை மூடவேண்டியதாயிற்று. 1983 முதல் பக்கத்தில் கட்டிய நகலைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். லாஸ்கோ என்றாலே ஓவியம் கெட்ட கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் மண் போனதுதான் பெரிய இழப்பு. பாசியை மருந்திட்டு நிறுத்தலாம். வாரிக் கொட்டிய மண்ணை மறுபடி அடுக்க முடியாது. அங்கே குழி போன்ற ஓரிடத்தில் தப்பிப் பிழைத்த மண்ணிலிருந்து, சிவந்த மணற்கல்லில் அகப்பையைப் போலக் கைப்பிடியுடன் செதுக்கிய விளக்கு ஒன்று கிடைத்தது. அதில் விலங்குக் கொழுப்பை இட்டு எரித்து அந்த வெளிச்சத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். வாரிக் கொட்டிய மண்ணில் அப்படி எத்தனை இருந்தனவோ!

1994 டிசம்பர் 18 அன்று ஷான்-மரி ஷோவேயும் அவருடைய நண்பர்கள் இருவரும் இன்னொரு குகைக்குள் இறங்கினார்கள். சுவரில் சிங்கங்களையும் காண்டாமிருகங்களையும் பார்த்த கணத்தில் அவர்கள் செய்த நல்ல காரியம், கண்டபடி ஓடாமல் இருந்ததுதான். தாங்கள் மிதித்த தடத்தையே திரும்ப மிதித்தார்கள். மறுமுறை வந்தபோது நெகிழித் தாளை விரித்து அதன்மேல் நடந்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் தரையைத் தொடாமல் எஃகு நடைபாதை அமைத்தார்கள். பொதுமக்களுக்கு அந்தக் குகை ஒருநாளும் திறக்கப்படவில்லை. அதனால்தான், ஒரு பாறையின் மேல் யாரோ எடுத்துவைத்த குகைக்கரடியின் மண்டையோடு வைத்த இடத்திலேயே இருக்கிறது. தீப்பந்தத்தின் கரியைச் சுவரில் தட்டிவிட்ட தடமும், ஈரக் களிமண்ணில் ஓர் இளம்பிள்ளையின் காலடித் தடமும் அப்படியே இருக்கின்றன. அங்குள்ள பழைய ஓவியங்களுக்கு வயது சுமார் 36,000 ஆண்டு. ஓவியத்தைப் பார்த்தால் வரைந்தவரின் கைத்திறன் தெரிகிறது. தரையைப் பார்த்தால்தான் ஒரு பிள்ளையும் அங்கே போனது என்று தெரிகிறது.

கடற்கரையில் வாழ்கிறவனாகையால் என்னை மிகவும் ஈர்ப்பது கோஸ்கே குகைதான். பிரான்சின் மார்செய் நகருக்கு அருகே அதன் வாசல் கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து 175 மீட்டர் நீளச் சுரங்கத்தில் நீந்தி மேலேறினால் உலர்ந்த கூடம். முத்துக்குளிக்கும் சங்குகுளிக்கும் பேர்போன எங்கள் மாவட்டத்தில் ஆழத்தின் ஆபத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் மூழ்காளர் ஆன்றி கோஸ்கே கண்டுபிடித்த அந்த வழியில் 1991-இல் மூவர் உயிரிழந்தனர். அதன் பிறகே ஓவியங்களைப் பற்றிய செய்தி வெளியுலகுக்கு வந்தது. குதிரைகளோடு கடல்நாய்களையும் பறக்காத கடற்பறவைகளையும் அங்கே வரைந்திருக்கிறார்கள். கையைச் சுவரில் வைத்து வண்ணம் ஊதிய தடங்களும் உண்டு. மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 27,000 ஆண்டு. வரைந்தவர்கள் நீந்திப் போகவில்லை, நடந்து போனார்கள். அன்று உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. கடல் பிறகு ஏறி வாசலை மூடிக்கொண்டது.

அதே காலத்தில் பாக் நீரிணையும் தரையாகத்தான் இருந்தது. இன்று எங்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கும் பரப்பில் மான்கள் மேய்ந்திருக்கலாம். இலங்கையின் பாஹியங்கல குகையில் (அது சுண்ணாம்புக் குகை அன்று, நைஸ் பாறை) 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இருகரைக்கும் இடையே காலால் கடக்கத் தரைவழி இருந்தது. அந்த வழியின் தரை இப்போது எங்கள் கடலின் அடியில் கிடக்கிறது.

நம்மவர்களுக்கு மிகவும் தெரிந்த சுண்ணாம்புக் குகை மலேசியாவில் இருக்கிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பத்துமலைதான் அது. என் பெரியப்பா மலாயா ரப்பர் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரஜூலா கப்பலில் ஊர் வந்து இறங்கும்போதெல்லாம் தைப்பூசக் காவடிக் கதை ஒரு வாரம் ஓடும். பத்து என்பது எண்ணன்று, மலாய் மொழியில் கல் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். தம்புசாமிப் பிள்ளை 1891-இல் அங்கே முருகனை எழுந்தருளச் செய்தார். அடுத்த ஆண்டே தைப்பூசம் தொடங்கிற்று. இன்று 272 படிகள். ஆனால் அதற்கும் வெகுகாலம் முன்பே தெமுவான் பழங்குடியினர் அந்தக் குகைகளில் தங்கி வந்தனர். 1860-களிலிருந்து சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டத்துக்கு எருவாக வௌவால் எச்சத்தை அள்ளிப்போனார்கள். எருவை அள்ளும்போது மேலடுக்கும் சேர்ந்துதான் போகும். பழங்குடி, தோட்டக்காரர், பக்தர் என்று மூன்று கூட்டத்தார் ஒரே தரையில் புழங்கியிருக்கிறார்கள்; மூன்றாவதாக வந்த நாம் முதலாவதாக வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போர்னியோ தீவின் நியா குகையிலும் எரு அள்ளியிருக்கிறார்கள். நல்வேளையாக, வாசலருகே தரையின் ஒரு பகுதி தப்பியிருந்தது. 1958-இல் அங்கே தோண்டியபோது சுமார் 40,000 ஆண்டு பழைய மண்டையோடு கிடைத்தது. வெக்கை தாங்க முடியாத அந்தக் குழிக்குத் தோண்டியவர்கள் "நரகக் குழி" என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பிறரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனபோது, ஒரு குகை வாசலில் சிறுவன் ஒருவன் துணி விரித்துக் கற்களை வைத்திருந்தான். விரல் நீளமுள்ள கல்விழுது ஒன்றை ஐந்து ரூபாய்க்கு வாங்கினேன். பேரம் வேறு பேசினேன். உடைந்த முகத்தில் நடுவே வைக்கோல் தட்டையின் துளைபோல் ஒரு பொட்டுத் துவாரம். அதைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வெளுப்பும் பழுப்புமாக வட்டங்கள். வகுப்பில் கையோடு கையாகச் சுற்றுக்கு விட, இதைவிட நல்ல கருவி எனக்கு வாய்த்ததில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு அதைக் காட்டினேன். ஓய்வு பெறுவதற்குச் சிறிது முன்பு, கடைசி வரிசையில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத எந்த இடத்துலேருந்து ஒடச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எந்தக் கூடம், எந்தக் கூரை, அதற்கு நேர்கீழே தரையில் என்ன இருந்தது என்று எதுவும் தெரியாது. வளையங்களில் எழுதப்பட்டிருந்த மழைக்கணக்கைப் படிக்க இனி யாராலும் ஆகாது. இடம் தெரியாத கல்லை எந்த ஆய்வுக்கூடமும் தொடாது. அது இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

மழைக்கணக்கு என்று நான் சொன்னது அலங்காரத்துக்கு அன்று. மேகாலயத்தின் மாம்லூ குகையிலிருந்து எடுத்த கல்முளை ஒன்றின் அடுக்குகளில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை கடுமையாகக் குறைந்தது பதிவாகியிருக்கிறது. அதை அடையாளமாக வைத்துத்தான் 2018-இல் புவியியல் காலவரிசையின் கடைசிப் பிரிவுக்கு மேகாலயக் காலம் என்று பெயரிட்டார்கள். நாம் வாழ்வது அந்தக் காலத்தில்தான். கல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்து வைத்து எடுத்ததால் வந்த பயன் அது. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் சுவரோவியத்தின் மேல் படர்ந்த சுண்ணாம்புப் படலத்தில் உள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் அளந்து, ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டு பழையது என 2024-இல் அறிவித்ததும் இவ்வாறே. அந்தப் படலத்தை அழுக்கு என்று நினைத்து யாராவது சுரண்டித் துடைத்திருந்தால் வயது போயிருக்கும்.

ஆகவே, குகைச் சுற்றுலாவை வளர்க்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வண்ணவிளக்கு போடுவதையும் சிமெண்டுத் தளம் இடுவதையும் பாதையை அகலப்படுத்துவதையும், அந்த இடத்தின் தரையைத் தொல்லியலார் ஒருமுறை பார்த்த பிறகு செய்யுங்கள். விளக்கைச் சுற்றிப் பாசி பிடிப்பதை எந்தக் குகையிலும் காணலாம். அதை அணைத்து வைத்தால் குறையும். தளத்தின் அடியில் போனது போனதுதான். சுவரில் பெயர் கீறுகிற நம் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முடியாது.

இறுதியாக எங்கள் ஊர்க் கல்லைப் பற்றி. இராமேசுவரம் தீவின் வடகரையில், அதாவது நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்தில், கடல்மட்டத்துக்கு மேல் எழுந்து நிற்கும் பழைய பவளப்பார் ஒன்று கரையோரமாக நீண்டு கிடக்கிறது. பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. எனவே, அது உயிரோடு வளர்ந்த நாளில் கடல்மட்டம் இந்த இடத்தில் இன்றைக்கிருப்பதைவிட உயரமாக இருந்திருக்கவேண்டும், அல்லது நிலம் எழும்பியிருக்கவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டாடார்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளரும் கோபிநாத பிள்ளை என்ற நம் நாட்டுப் பவள ஆய்வாளரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கல்லின் வயது சுமார் 4,000 ஆண்டு. மேகாலயக் குகையில் அந்த வறட்சி பதிவானதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு உள்ளாகவே எங்கள் பவளம் வளர்ந்திருக்கிறது. இந்தக் கல்லிலும் அலையும் மழையும் குடைந்த பொந்துகள் உண்டு. பெரியதில் தோள்வரை கை போகும். குகை என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரங்களும் சாத்தனூர்க் கல்மரமும் பரங்கிமலைச் சார்னோக்கைட் பாறையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சுற்றியுள்ள உயிருள்ள பவளத்துக்கு 1986 முதல் தேசியப் பூங்கா என்ற காவல் இருக்கிறது. 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்ந்தது. கரையேறி நிற்கிற இந்தப் பழைய பாருக்கு, நான் நடந்து பார்த்தவரையில், இன்னது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. அதன்மேல் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள், வலை காயப்போடுகிறார்கள். வலை காய்வதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, இடிபாடு விழுவதால் ஆகும். அந்தப் பொந்துகளில் தேங்கிய மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரேனும் ஒருமுறை சல்லடையில் அரித்துப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம். வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் உரோம நாணயங்களும் கப்பல் கீறிய பானையோடும் அகழாய்வில் வெளிவரும்வரை அதுவும் வெறும் மணல்மேடாகத்தான் கிடந்தது.

கட்டுரையாளர் எங்கள் பக்கம் வர விரும்பினால் நானே உடன் வந்து காட்டுகிறேன். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிப்பாக இருக்கும். பங்குனி, சித்திரையில் வந்தால் நல்லது. விடியற்காலையில் கடல் வற்றியிருக்கும்போது இறங்கவேண்டும். ரப்பர் செருப்பு உதவாது, அந்தக் கல் அறுத்துவிடும். தடித்த அடியுள்ள காலணி போட்டு வரச் சொல்லுங்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க அங்கே எதுவுமில்லை, குனிந்துதான் பார்க்கவேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பாம்பன்.